ஃபீடர் ரிலே சும்மா இருந்தது, இன்கமர் ட்ரிப் ஆனது. புது ரிலே பழுதா?

ஃபீடர்_நான்கு எழுதியது:

வணக்கம். நான் பாதுகாப்பு ரிலே (கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. போன வாரம் நடந்த ஒரு சம்பவம் தலையைக் குடைகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 கேவி போர்டு. ஒரு இன்கமர் (போர்டுக்கு மின்சாரம் உள்ளே வரும் வழி), ஆறு ஃபீடர் (வெளியே போகும் வழிகள்). எல்லா ஃபீடரும் நிலத்தடி கேபிள்தான், மேல்நிலைக் கம்பி எதுவும் இல்லை. நியூட்ரலில் 8 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் எர்த் ஃபால்ட் (மின்சாரம் மண்ணுக்குப் பாயும் பழுது) கரண்ட் சுமார் 800 ஆம்பியருக்கு மேல் போகாது.

நான்காவது ஃபீடரில் இருந்த பழைய டிஸ்க் ரிலேவை (உள்ளே தட்டு சுழலும் வகை) கழற்றிவிட்டு மூன்று மாதத்துக்கு முன் நியூமரிக்கல் ரிலே (கணக்கிட்டு இயங்கும் டிஜிட்டல் வகை) போட்டோம். இன்கமரில் இன்னும் பழைய டிஸ்க் ரிலேதான். புது ரிலேவில் பழையதில் இருந்த அதே எர்த் ஃபால்ட் செட்டிங்கை ஏற்றினேன்:

ஃபீடர்: சிடி (கரண்டைச் சிறிதாக்கி ரிலேவுக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) 200/1, செட்டிங் 20%, அதாவது 40 ஆம்பியர். டிஎம்எஸ் (ட்ரிப் நேரத்தைப் பெருக்கும் எண்) 0.2.
இன்கமர்: சிடி 800/1, செட்டிங் 20%, அதாவது 160 ஆம்பியர். டிஎம்எஸ் 0.2.
இரண்டும் ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவு, அதாவது கரண்ட் கூடக் கூட ட்ரிப் நேரம் குறையும்.

800 ஆம்பியர் ஃபால்ட் என்றால் ஃபீடருக்கு அது 20 மடங்கு, 0.45 செகண்டில் ட்ரிப். இன்கமருக்கு 5 மடங்கு, 0.86 செகண்ட். நடுவே 0.4 செகண்ட் இடைவெளி. பாடத்தில் படித்தபடியே இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், நான்காவது ஃபீடர் கேபிள் ஜாயின்ட் ஒன்று போனது. இன்கமர் எர்த் ஃபால்ட் ஃப்ளாக் (ட்ரிப் கொடுத்ததைக் காட்டும் சிறு குறி) விழுந்து போர்டு முழுக்க இருட்டு. ஃபீடர் ரிலே ட்ரிப் கொடுக்கவே இல்லை. ஆனால் அதன் ஈவென்ட் ரெக்கார்டில் ஐந்து முறை எர்த் ஃபால்ட் ஸ்டார்ட் (கரண்ட் செட்டிங்கைத் தாண்டியதை ரிலே கண்ட அடையாளம்) பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் வந்து, உடனே விலகியிருக்கிறது.

மறுநாள் ரிலேவுக்கே நேராகக் கரண்ட் செலுத்தும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் செய்தேன். 20 மடங்கில் 0.46 செகண்ட். இன்கமர் டிஸ்க்கையும் சோதித்தேன், 5 மடங்கில் 0.87. இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. மேலிடத்தில் "புது ரிலே நம்பகமில்லை, பழையதையே மாட்டு" என்கிறார்கள். பழைய ரிலே இன்னும் ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது. மாட்டிவிடலாமா?

கம்பிவால் எழுதியது:

ஃபீடர் சிடி சாச்சுரேட் ஆகியிருக்கும் (கரண்ட் அதிகமாகி சரியா அளக்க முடியாம போயிருக்கும்) பாருங்க. இல்லைன்னா மூணு சிடியில ஒண்ணு போலாரிட்டி தப்பா இருக்கும். ரெசிடுவல் கனெக்‌ஷன்ல அதாவது மூணு பேஸ் கரண்டும் கூடுற இடத்துல, ஒரு பேஸ் தலைகீழா இருந்தா கணக்கு எல்லாம் கோளாறுதான். ஸ்டார்ட் விட்டு விட்டு வருதுன்னா எனக்கு சிடி மேலதான் சந்தேகம். அப்புறம் எர்த் ஃபால்ட்டுக்கு இன்ஸ்டன்டேனியஸ் (தாமதமே இல்லாம அடிக்கிறது) ஏன் போடல?

ஃபீடர்_நான்கு எழுதியது:

நன்றி. போலாரிட்டி சரிதான். சாதாரண லோடில் ரெசிடுவல் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறது, ஒரு சிடி தலைகீழாக இருந்தால் அப்படி வராது. சாச்சுரேஷனும் இல்லை என்று நினைக்கிறேன். ஃபால்ட் வேவ்ஃபார்மில் அலை உருக்குலையாமல் வந்திருக்கிறது, ஐந்து முறையும் 780, 790 என்று அந்தச் சுற்றில்தான் கரண்ட். அந்த ஃபீடருக்குக் கீழே இன்னொரு போர்டு இருக்கிறது. அதன் ரிலேவோடும் பொருந்த வேண்டும் என்பதால் இன்ஸ்டன்டேனியஸ் வைக்கவில்லை.

பழைய_தட்டு எழுதியது:

தம்பி, ஐந்து ஸ்டார்ட்டும் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது, நடுவில் எவ்வளவு இடைவெளி, அதை முதலில் போடுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்கமர் டிஸ்க் ரிலேவை டெஸ்ட் கிட்டில் கட்டி, காண்டாக்ட் மூடும் வரை ஓடவிட்டு, கரண்டை நிறுத்துங்கள். தட்டு பின்பக்கம் போய்த் தன் நிறுத்தத்தில் முட்டுவதற்கு எத்தனை செகண்ட் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். பலர் ஓடும் நேரத்தைப் பார்ப்பார்கள். திரும்பும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் இந்த டிஸ்க் ரிலேக்களோடு குப்பை கொட்டியவன். உங்கள் கதையைப் படித்ததும் ஒரு மழை இரவு ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நியூமரிக்கல் ரிலேவோடு வளர்ந்த பிள்ளைகள் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

நடுவில் ஒரு அலுமினியத் தட்டு. பழைய கரண்ட் மீட்டரில் சுற்றுமே, அதன் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மின்காந்தம், கீழே ஒரு மின்காந்தம். சிடியிலிருந்து வரும் கரண்ட் மேல் காந்தத்தின் காயிலில் ஓடும். அதே இரும்பில் சுற்றிய இரண்டாவது காயில் கீழ் காந்தத்துக்கு ஊட்டும். இப்படியாக ஒன்றுக்கொன்று சற்றுப் பின்தங்கிய இரண்டு ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) தட்டை ஊடுருவும். தட்டுக்குள் எடி கரண்ட், அதாவது சுழல் மின்னோட்டம், ஓடும். ஒன்றின் எடி கரண்ட்டும் மற்றதன் ஃப்ளக்ஸும் சேர்ந்து தட்டைத் தள்ளும். இரண்டு ஃப்ளக்ஸும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் தட்டு அசையவே அசையாது. அந்தப் பின்தங்கல்தான் உயிர்.

தள்ளுவதை எதிர்க்க இரண்டு பேர். ஒன்று, அச்சில் சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங். தட்டை நிறுத்தத்துக்கு இழுத்துப் பிடித்திருப்பது அது. மேல் காயிலில் பிளக் போடும் துளைகள் இருக்கும், எத்தனை சுற்று வழியாகக் கரண்ட் ஓட வேண்டும் என்று அந்தப் பிளக் முடிவு செய்யும். அந்த அளவைத் தாண்டினால்தான் தள்ளும் விசை ஸ்பிரிங்கை வெல்லும். பிளக்கை மொத்தமாகப் பிடுங்கினாலும் காயில் திறந்து போகாது, இருப்பதிலேயே பெரிய செட்டிங் தானாகச் சேர்ந்துகொள்ளும். சிடி செகண்டரி ஓடும்போது திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் அதை வடிவமைத்திருக்கிறான். கும்பிட வேண்டும்.

இரண்டாவது ஆள் ஒரு நிரந்தரக் காந்தம். தட்டின் ஓரத்தைக் கவ்வியபடி நிற்கும். தட்டு வேகமாக ஓடினால் அதிகமாக இழுக்கும், மெதுவாகப் போனால் மெதுவாக இழுக்கும். தட்டு பறந்து போய் முட்டாமல் நிதானமாக நடப்பது இந்தப் பிரேக்கினால்தான். இந்தக் காந்த இடைவெளியில் ஒரு துளி இரும்புத்தூள் விழுந்தால் போதும், ரிலே கெட்டது. நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். 10 மடங்கில் சோதித்தால் நேரம் சுத்தமாக வரும், 2 மடங்கில் பாதி வழியில் நின்றுவிடும். பெரிய கரண்ட் அந்தத் தூளையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, சின்ன கரண்டுக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து 1.3 மடங்கில் காண்டாக்ட் மூடுகிறதா என்று பார்க்காமல் எந்த டிஸ்க்குக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

டிஎம்எஸ் என்பது கணக்கில் ஒரு பெருக்கல் எண். பெட்டிக்குள் அது ஒரு தூரம். டயலைத் திருப்பினால் பின் நிறுத்தம் நகரும், காண்டாக்ட்டுக்குத் தட்டு நடக்க வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும். 0.2 என்றால் முழு தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

இப்போது அந்த இரவு. ஒரு மேல்நிலை ஃபீடர், காற்றும் மழையும். ஒரு கிளை கம்பியைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்திருக்கிறது, அது பிறகுதான் தெரிந்தது. நான் பேனல் முன்னால் டார்ச்சோடு நின்றிருந்தேன். கண்ணாடிக்குள் தட்டு கொஞ்சம் முன்னே வந்தது. பிறகு மெல்லப் பின்னே போனது. முழுதாகப் போய்ச் சேரும் முன் மறுபடி முன்னே வந்தது. இந்த முறை முன்பு நின்ற இடத்தைத் தாண்டி. மறுபடி பின்னே. தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சறுக்குமரத்தில் ஏறும் பிள்ளை மாதிரி. ஐந்தோ ஆறோ தடவைக்குப் பிறகு காண்டாக்ட் தொட்டது, பிரேக்கர் அடித்தது, நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன்.

தட்டுக்கு நடந்த தூரம் ஞாபகம் இருக்கும். கரண்ட் நின்றதும் அது துள்ளித் திரும்பாது. ஸ்பிரிங் இழுக்கும், ஆனால் அதே பிரேக் காந்தம் திரும்பும்போதும் பிடிக்கும். உங்கள் புது ரிலேவுக்கு அந்த ஞாபகம் கிடையாது. இதுதான் என் ஊகம். நேரங்களைப் போடுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஃபீடர்_நான்கு எழுதியது:

ஐயா, ரெக்கார்டில் இருந்து எடுத்தேன்.

ஸ்டார்ட் நீடித்த நேரம், மில்லி செகண்டில்: 140, 200, 270, 340, 310.
நடுவில் இடைவெளி: 300, 220, 150, 100.

இன்கமர் டிஸ்க்கை இன்று ஷட்டவுனில் பார்த்தேன். டிஎம்எஸ் 0.2 நிலையில், காண்டாக்ட்டிலிருந்து நிறுத்தத்துக்குத் திரும்ப மூன்று தடவை அளந்தேன். 2.0, 2.1, 2.0 செகண்ட்.

பழைய_தட்டு எழுதியது:

இதோ ஆளைப் பிடித்துவிட்டோம்.

இன்கமர் தட்டு நடக்க வேண்டிய முழு தூரத்தை நூறு என்று வையுங்கள். 5 மடங்கில் அது 860 மில்லி செகண்டில் நூறு நடக்கும். கரண்ட் இல்லாதபோது 2000 மில்லி செகண்டில் நூறு திரும்பும்.

முதல் 140: பதினாறு முன்னே. 300 இடைவெளி: பதினைந்து பின்னே. மிச்சம் ஒன்று. இதுவரை ஒன்றும் நடக்காத மாதிரிதான்.
அடுத்த 200: இருபத்து மூன்று, ஆகவே 24. 220 இடைவெளியில் பதினொன்று போய் 13.
270: முப்பத்தொன்று, ஆகவே 44. 150 இடைவெளியில் ஏழு போய் 37.
340: நாற்பது, ஆகவே 77. 100 இடைவெளியில் ஐந்து போய் 72.
ஐந்தாவதில் பாக்கி 28. அதற்கு 240 மில்லி செகண்ட். காண்டாக்ட் மூடியாயிற்று.

இப்போது உங்கள் ஐந்தாவது எண்ணைப் பாருங்கள். 140, 200, 270, 340 என்று ஏறிக்கொண்டே வந்தது ஐந்தாவதில் மட்டும் 310 ஆகக் குறைகிறது. ஏன்? அந்தத் தடவை நெருப்பு தானாக அணையவில்லை, இன்கமர் பிரேக்கர் அணைத்தது. 240-ல் காண்டாக்ட், பிரேக்கர் திறந்து ஆர்க் அணைய இன்னொரு 70. கூட்டினால் 310.

உங்கள் புது ரிலேவுக்கோ ஒவ்வொரு தடவையும் புது விடியல். 450 வேண்டும், ஒரு தடவையும் 340-க்கு மேல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிட்டு, கரண்ட் போனதும் மறந்துவிட்டது.

ஸ்டோரில் இருக்கிற பழைய டிஸ்க் அங்கே இருந்திருந்தால்? அதே 0.2 தூரம், திரும்புவதற்கும் அதே இரண்டு செகண்ட் என்று வையுங்கள். முதலில் 31, இடைவெளியில் 15 போய் 16. அடுத்து 44 கூடி 60, பதினொன்று போய் 49. மூன்றாவதில் பாக்கி 51-க்கு 230 மில்லி செகண்ட் போதும், 270 கிடைத்தது. மூன்றாவது அடியிலேயே ஃபீடர் விழுந்திருக்கும், இன்கமர் அப்போது பாதி தூரம்கூட வந்திருக்காது. ஆகவே "பழையதையே மாட்டு" என்று சொன்னவர்கள் காரணம் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்பிவால் எழுதியது:

ஐயா, கேபிள்ல ஃபால்ட் எப்படி தானா அணைஞ்சு அணைஞ்சு வரும்? கிளை ஆடுறது புரியுது. மண்ணுக்குள்ள கிடக்கிற கேபிள் ஆடாதே.

பழைய_தட்டு எழுதியது:

நல்ல கேள்வி. பிளாஸ்டிக் இன்சுலேஷன் கேபிளில், குறிப்பாக ஜாயின்ட்டில் ஈரம் ஏறினால், இது நடக்கும். ஆர்க் அடிக்கும், அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும், நெருப்பு அணையும். வோல்டேஜ் மறுபடி முட்டும், மறுபடி உடையும். ஒவ்வொரு தடவையும் ஓட்டை பெரிதாகும், ஆகவே அடி நீளும், இடைவெளி சுருங்கும். கடைசியில் நிரந்தரமாகிவிடும். தம்பி போட்ட எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 300, 220, 150, 100. ஜாயின்ட் தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

அல்காரிதம்_அக்கா எழுதியது:

பழைய_தட்டு ஐயாவின் கணக்கு மிகச் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன். நியூமரிக்கல் ரிலேவுக்கு ஞாபகம் கிடையாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாபகம் இருக்கிறது. அதைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டார்கள். பத்து வருடமாக ரிலே செட்டிங்தான் என் சோறு, ஆகவே இதில் கொஞ்சம் ரோஷம் உண்டு.

உள்ளே நடப்பது இது. கரண்டை ஒரு சைக்கிளுக்குப் பலமுறை சாம்பிள் எடுத்து, ஐம்பதோ அறுபதோ ஹெர்ட்ஸ் அடிப்படை அலையை மட்டும் வடிகட்டி, அளவைக் கணக்கிடுவோம். செட்டிங்கைவிட எத்தனை மடங்கு என்று தெரிந்ததும், அந்த மடங்குக்கு ட்ரிப் நேரம் எவ்வளவு என்று ஃபார்முலா சொல்லும். ஸ்டாண்டர்டு இன்வர்ஸுக்கு 0.14-ஐ, மடங்கின் 0.02 அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருவதால் வகுத்து, டிஎம்எஸ்ஸால் பெருக்க வேண்டும். பிறகு சில மில்லி செகண்டுக்கு ஒருமுறை, கழிந்த நேரத்தை அந்த ட்ரிப் நேரத்தால் வகுத்து ஒரு கவுண்டரில் சேர்த்துக்கொண்டே வருவோம். கவுண்டர் 1 தொட்டால் ட்ரிப். ஐயா நூறு என்று வைத்த தூரம்தான் எங்கள் 1. பெயர்தான் வேறு.

கரண்ட் செட்டிங்குக்குக் கீழே, வழக்கமாக 95 சதவீதம் அளவுக்கு, இறங்கினால் அந்தக் கவுண்டரை என்ன செய்வது என்பதற்கு ரீசெட் என்று தனி செட்டிங் இருக்கிறது. ஃபீடர்_நான்கு, உங்கள் ரிலேவில் அது 0 செகண்டாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பிளக், டிஎம்எஸ், வளைவு மூன்றையும் பழையதிலிருந்து நகலெடுத்தீர்கள். நான்காவது செட்டிங் பழைய ரிலேவின் முகப்பில் இல்லை. அது ஸ்பிரிங்கிலும் பிரேக் காந்தத்திலும் ஒளிந்திருந்தது. டயல் இல்லாததை யார் நகலெடுப்பார்கள்?

செய்ய வேண்டியது: எர்த் ஃபால்ட் ஸ்டேஜில் ரீசெட்டை டிஃபனிட் டைம் (நிலையான நேரம்) என்று வைத்து 1 செகண்ட் கொடுங்கள். அந்த நேரத்துக்குள் கரண்ட் திரும்பி வந்தால் கவுண்டர் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்கள் மிகப் பெரிய இடைவெளி 0.3 செகண்ட், ஆகவே 1 தாராளம். முதல் இரண்டு அடியில் 340 சேர்ந்துவிடும், மூன்றாவதில் 110 மில்லி செகண்ட் ஆனதும் ட்ரிப் வர வேண்டும். சில ரிலேவில் டிஸ்க் மாதிரியே படிப்படியாகக் குறையும் இன்வர்ஸ் ரீசெட்டும் உண்டு, ஆனால் எல்லா வளைவுக்கும் அதைத் தர மாட்டார்கள். மேனுவலில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: ரீசெட் டைமர் ஓடும்போது கவுண்டர் அப்படியே உறைகிறதா என்று. உங்கள் மாடலில் வேறு மாதிரி இருந்தால் என் 110 பொருந்தாது.

இதை எல்லா ஃபீடரிலும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஆட்டோ ரீக்ளோஸ் (ட்ரிப் ஆன பிரேக்கர் தானாக மறுபடி மூடும் வசதி) இருக்கும் மேல்நிலை ஃபீடரில் ரீசெட் நேரம் நீண்டால், பிரேக்கர் மறுபடி மூடும்போது கவுண்டர் பாதி நிரம்பியே இருக்கும், அடுத்த ஃபால்ட்டில் எதிர்பார்த்ததைவிட வேகமாக அடிக்கும். அங்கே உடனடி ரீசெட்தான் வசதி. ஓவர் கரண்ட் ஸ்டேஜில், கீழே பெரிய மோட்டார்கள் அடுத்தடுத்து ஸ்டார்ட் ஆகும் இடத்திலும் இதே யோசனை வேண்டும். உங்களுடையது கேபிள், எர்த் ஃபால்ட். பயமில்லை.

ரிலே கெட்டுப்போய் வரும் இருட்டைவிட, ரிலே சொன்ன பேச்சைக் கேட்டு வரும் இருட்டு பெரிது. 1965 நவம்பர் 9 மாலை 5:16-க்கு கனடாவின் ஒன்டாரியோவில், சர் ஆடம் பெக் இரண்டாம் நீர்மின் நிலையத்திலிருந்து போகும் ஐந்து 230 கேவி லைன்களில் ஒன்றின் பேக்கப் ரிலே ட்ரிப் செய்தது. ஃபால்ட் எதுவும் இல்லை. 1963-ல் வைத்த செட்டிங், லைன் தாங்கும் அளவைவிடக் குறைவு. இரண்டு வருடத்தில் லோடு ஏறி அந்த எண்ணைத் தொட்டது, ரிலே தன் வேலையைச் செய்தது. மற்ற நான்கு லைன்களும் ஓவர்லோடாகி அடுத்தடுத்து விழ, வடகிழக்கு அமெரிக்காவிலும் ஒன்டாரியோவிலுமாக சுமார் 3 கோடிப் பேர் இருட்டில், சில இடங்களில் 13 மணி நேரம் வரை. அந்த ரிலேவை மறுநாள் பெஞ்சில் வைத்துச் சோதித்திருந்தால் உங்களுடையது மாதிரியே பாஸ் ஆகியிருக்கும்.

பழைய_தட்டு எழுதியது:

அக்கா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், எனக்கு மகள் வயதுதான் இருக்கும் போலிருக்கிறது. பந்தயத்தில் தோற்றேன் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கில் ஒளிந்திருந்த நான்காவது செட்டிங் என்பதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

தம்பி, செட்டிங்கை மாற்றியதும் வெறும் 20 மடங்கு சோதனையோடு நிறுத்தாதீர்கள். ரெக்கார்டில் இருந்த அதே ஐந்து அடியை, அதே இடைவெளியோடு செலுத்துங்கள். புது டெஸ்ட் கிட்டில் அப்படி வரிசையாக ஓடவிடும் வசதி இருக்கும். மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. முடிந்தால் இன்கமர் தட்டுக்கும். ஐந்தாவதில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள், என் 240 எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஃபீடர்_நான்கு எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஷட்டவுன் கிடைக்க ஒன்பது நாள் ஆனது.

அக்கா, பந்தயம் உங்களுக்குத்தான். ரீசெட் 0.00 செகண்ட் என்று இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

ஐந்து அடிகளையும் டெஸ்ட் கிட்டில் வரிசையாக ஏற்றினேன், ஐந்தாவதை மட்டும் 400 ஆக நீட்டினேன். ஃபீடர் ரிலேவுக்கு 4 ஆம்பியர், இன்கமர் டிஸ்க்குக்கு 1 ஆம்பியர்.

ஃபீடர், ரீசெட் 0: ஐந்து ஸ்டார்ட், ட்ரிப் இல்லை. ரெக்கார்டில் பார்த்த அதே படம்.
ஃபீடர், ரீசெட் 1 செகண்ட்: மூன்றாவது அடியில் 128 மில்லி செகண்டில் ட்ரிப்.
இன்கமர் டிஸ்க்: ஐந்தாவது அடியில் மூடியது. முதல் தடவை 221, இரண்டாவது தடவை 226.

ஐயா, கண்ணாடிக்குள் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் நின்ற மேலதிகாரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார். பழைய ரிலே ஸ்டோரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மற்ற ஐந்து ஃபீடருக்கும் மாற்றும் பட்டியலில் ரீசெட் என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

ஜாயின்ட்டையும் தோண்டி எடுத்தார்கள். உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, தண்ணீர் போன வழி தெளிவாகத் தெரிந்தது.

ஒரு சந்தேகம். டிஸ்க் 240 என்று கணக்கு, 221 வந்தது. எங்கே போனது அந்த 20?

பழைய_தட்டு எழுதியது:

கரண்ட் நின்ற பிறகும் தட்டு தன் ஓட்டத்தில் கொஞ்சம் முன்னே போய்த்தான் நிற்கும், அந்த ஓவர்ஷூட்டை என் கணக்கில் விட்டுவிட்டேன். நான்கு அடி, நான்கு ஓவர்ஷூட். அப்படியானால் இன்னும் அதிகம் குறைந்திருக்க வேண்டுமே என்பீர்கள். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் தட்டு வேகம் பிடிக்கக் கொஞ்சம் தயங்கும், அதையும் விட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று தின்றது போக மிச்சம் 20. 0.4 இடைவெளியில் ஒரு பங்கை இந்த ஓவர்ஷூட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பது இதற்குத்தான்.

டிஸ்க் கண்ணாடியை மாட்டும்போது கேஸ்கெட்டைப் பாருங்கள், தூசி உள்ளே போனால் காந்த இடைவெளிக்குத்தான் போய்ச் சேரும். ஃப்ளாக்கைக் கையால் மேலே தள்ளி வைத்தீர்களா?

ஃபீடர்_நான்கு எழுதியது:

இல்லை ஐயா. இதோ போகிறேன்.